மரம் அறுத்த நோயாளி

வீட்டில் ஒருவருக்கு இருதயக் கோளாறு என்று தெரிந்துவிட்டால் போதும், மற்றவர்கள் எல்லோரும் போலீஸ்காரர்களாகி விடுகிறார்கள். 1962-ல் என் பெரியப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது எனக்கு வயது ஒன்பது. அந்த வயதிலேயே எனக்கும் அந்த உத்தியோகம் கிடைத்துவிட்டது.

ஆறு வாரம் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு வாரம் ஆறு மாதமாயிற்று. பிறகு அதுவே ஆயுள் தண்டனையாயிற்று. தினம் இரண்டு வேளையும் வாய்க்கால் கரை வரை நடந்துவிட்டு வந்த மனிதர், கூடத்துக் கட்டிலில் உத்தரத்தைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பார். பெரியம்மா அடுக்களைக்குள் போகும் சமயம் பார்த்து, “டேய், வாசல் வரைக்கும் போய்விட்டு வந்துவிடுகிறேன். பெரியம்மாவிடம் சொல்லாதே, என்ன?” என்று கெஞ்சுவார்.

நானோ கடமை தவறாத காவல்காரன். “பெரியம்மா! பெரியப்பா எழுந்திருக்கிறார்!” என்று வீடு அதிரக் கத்துவேன். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் படுத்துக்கொள்வார். கடைசிக் காலத்தில் அவருடைய கால்கள் குச்சி மாதிரி ஆகிவிட்டன. மூன்றாம் வருஷம் போய்விட்டார்.

சென்ற வருஷம் என் இருதயமே கொஞ்சம் தளர்ந்துவிட்டது. டாக்டர் எல்லாப் பரிசோதனைகளும் செய்து, மருந்தும் கொடுத்துவிட்டு, “தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும், தெரிந்ததா?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியப்பாவுக்கு விஷமாக இருந்தது எனக்கு எப்படி மருந்தாயிற்று? அதைத் தெரிந்துகொள்ளப் பழைய சரித்திரத்தைப் புரட்டத் தொடங்கினேன்.

அந்த அரை மணி நேரம் புதிதல்லவாம். லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்று ஒரு வைத்தியர் இருந்தார். நடக்கும்போது மார்பைப் பிடித்து அழுத்தும் வலியைப் பற்றி 1768-ல் முதன்முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் அவர்தான். அவர் காலமான பிறகு 1802-ல் வெளிவந்த குறிப்புகளில், அந்த வலியுள்ள ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுகிறார். அந்த மனிதர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதென்று ஒரு நியமம் வைத்துக்கொண்டாராம். நோய் அநேகமாகத் தீர்ந்தே போயிற்றாம்! ஹெபர்டன் இதை இரண்டொரு வார்த்தையில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். உலகமும் அதைப் படித்துவிட்டு மேலே போய்விட்டது.

நடுவில் சிலர் அதே வழியில் போய்ப் பார்க்கத்தான் செய்தார்கள். டப்ளின் நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-ல் எழுதிய புத்தகத்தில், படிப்படியாக நடையைக் கூட்டிக்கொண்டு போகும்படி இருதய நோயாளிகளுக்குச் சொன்னார். ஜெர்மனியில் அயெர்டல் என்பவர் 1880-களில் நோயாளிகளை அளவாக மலைப்பாதை ஏறச் செய்தார்.

பிறகு காற்று திசை மாறியது. 1912-ல் அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக், இருதயத்தின் ரத்தக் குழாய் திடீரென்று அடைபடுவதை விளக்கினார். அடைபட்டதும் தசையில் ஒரு பகுதி மடிகிறது. அந்த இடம் வடுவாகி இறுகச் சில வாரங்கள் பிடிக்கும் என்று 1930-களில் பிரேதப் பரிசோதனைகள் காட்டின. அதற்குள் அசைந்தால் இருதயம் கிழிந்துவிடுமோ என்று டாக்டர்கள் பயந்தார்கள். நோயாளியைக் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். பல இடங்களில் சோறு ஊட்டுவதுகூட நர்ஸின் கைதான். என் பெரியப்பாவின் ஆறு வாரம் அங்கேயிருந்து கிளம்பி வந்ததுதான்.

பாஸ்டன் நகரத்தில் சாமுவேல் லெவைன் என்ற டாக்டருக்கும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லௌனுக்கும் சந்தேகம் வந்தது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொன்றுவிடும். ஆகவே மாரடைப்பு வந்த 81 பேரைச் சீக்கிரமே தூக்கிச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பாமல் இல்லை. ஆனால் நாற்காலி யாரையும் கொன்றுவிடவில்லை. 1952-ல் இந்த முடிவு அச்சில் வந்தது.

மறு வருஷம் லண்டனிலிருந்து ஜெர்ரி மாரிஸ் ஒரு வேடிக்கையான கணக்கை வெளியிட்டார். மாடி பஸ்ஸில் நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டும் டிரைவரைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டருக்கு இருதய நோய் குறைவு! 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த பால் டட்லி ஒயிட், நடையிலும் சைக்கிளிலும் அபார நம்பிக்கை உள்ளவர். ஐசனோவர் மறுபடி கோல்ஃப் ஆடினார். மறு வருஷம் தேர்தலிலும் ஜெயித்தார்.

இவ்வளவும் என் பெரியப்பா கட்டிலில் விழுவதற்கு முன்பே நடந்தவை என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

படுக்கை என்ன செய்யும் என்பதை 1966-ல் டல்லாஸ் நகரத்தில் அளந்தே பார்த்தார்கள். இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். அவர்களுடைய உழைக்கும் சக்தி கால்வாசிக்கு மேல் போய்விட்டது. முப்பது வருஷம் கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். முப்பது வருஷ முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது!

அப்படியும் ஒரு கோட்டை பாக்கி இருந்தது. இருதயம் பலவீனப்பட்டு, ரத்தத்தைத் தள்ளவே திணறுகிறவர்களுக்கு ஓய்வுதான் கதி என்று 1980-களிலும் பலர் நம்பினார்கள். 1990-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அப்படிப்பட்ட 11 நோயாளிகளை எட்டு வாரம் வீட்டிலேயே நிலைச் சைக்கிள் மிதிக்கச் செய்தார்கள். அவர்களுடைய தெம்பு கூடியது, மூச்சிரைப்புக் குறைந்தது. 2009-ல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சியில் 2,331 பேர் கலந்துகொண்டார்கள். மரணத்தை அது பெரிதாகத் தள்ளிப்போட்டதென்று சொல்வதற்கில்லை. ஆனால் பயிற்சியால் ஆபத்தில்லை, வாழ்க்கை ஓரளவு சுகப்படுகிறது என்பது உறுதியாயிற்று.

இதில் மாயம் ஒன்றுமில்லை. நடையினால் கிழ இருதயம் குமர இருதயமாகி விடாது. பழகிய கால் தசை, ரத்தத்திலிருந்து பிராணவாயுவை நன்றாக வாங்கிக்கொள்கிறது. அதனால் அதே வேலைக்கு இருதயம் குறைவாகத் துடித்தால் போதும். எஜமானின் பாரத்தைக் குறைக்க வேலைக்காரன் சாமர்த்தியசாலியானால் போதும் அல்லவா? ஆனால் மார்வலி புதிதாக வந்திருப்பவரும், வலி கூடிக்கொண்டே போகிறவரும் இதைப் படித்துவிட்டு ஓடக் கிளம்பிவிடக் கூடாது. எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டர்தான் அளந்து சொல்ல வேண்டும்.

பெரியப்பா நடந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு மருந்தும் கொஞ்சம்தான். ஆனால் வாசல் வரைக்கும் போயிருப்பார், வெயிலைப் பார்த்திருப்பார், தெருவில் போகிறவர்களோடு இரண்டு வார்த்தை பேசியிருப்பார். அதைத் தடுத்தது அன்புதான். அந்த அன்பில் என் குரலும் சேர்ந்திருந்தது.

இப்போது சாயங்காலம் ஐந்து மணி ஆனால் என் பேத்தி கையில் கடிகாரத்தோடு வந்து நிற்கிறாள். நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால், “பாட்டி! தாத்தா உட்கார்ந்துவிட்டார்!” என்று வீடு அதிரக் கத்துகிறாள்.

நான் ஒன்றும் பேசாமல் எழுந்து நடக்கிறேன்.