கரிசல் பருத்தியும் உலக வணிகப் பேச்சும்

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. பருவமழை கனிந்தால் பருத்தியும் சோளமும் மிளகாயும் விளையும். பொய்த்தால் கருவேலந்தான் மிஞ்சும். விளைச்சலை வானம் முடிவு செய்கிறது என்பதை இம்மக்கள் நன்கறிவர். விலையை முடிவு செய்வது யார் என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

1861 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. லங்காஷயர் ஆலைகளுக்கு அந்நாட்டுப் பருத்தி வருவது தடைப்பட, இந்தியப் பருத்தியின் விலை வெகுவாக உயர்ந்தது. 1865 இல் போர் ஓய்ந்ததும் சரிந்தது. கடல் கடந்த நாட்டின் நிகழ்ச்சி நம் களத்துமேட்டை எட்டும் என்பதற்கு அதுவே பழைய சான்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947 இல், 23 நாடுகள் கூடிச் சுங்கவரி, வணிகம் குறித்த பொது உடன்பாடு (காட்) செய்துகொண்டன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. ஆலைப் பொருள்களின் மீதான வரிகள் படிப்படியாகக் குறைந்தன. வேளாண்மையோ பெரும்பாலும் ஒதுங்கியே நின்றது. 1955 இல் அமெரிக்கா தன் வேளாண் இறக்குமதித் தடைகளுக்குத் தனி விலக்குப் பெற்றுக்கொண்டது. ஐரோப்பிய நாடுகள் 1962 முதல் பொது வேளாண் கொள்கை வகுத்துத் தம் உழவர்க்கு உயர்ந்த விலை அளித்தன; மிஞ்சிய விளைச்சலை மானியம் கொடுத்து வெளியே விற்றன.

1986 இல் உருகுவேயில் தொடங்கிய பேச்சு, 1994 ஏப்ரல் 15 அன்று மொராக்கோவின் மராகேஷ் நகரில் கையொப்பத்தில் முடிந்தது. மதுரைக்கு வந்து சென்ற இப்னு பதூதாவின் தாயகம் அது. 1995 ஜனவரி 1 அன்று உலக வணிக அமைப்பு பிறந்தது. வேளாண்மையும் விதிகளுக்குள் வந்தது. ஆனால் அவ்விதியின் கூறொன்றை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். முன்பு மிகுதியாக மானியம் கொடுத்த செல்வ நாடுகள் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் போதும். முன்பு கொடுக்க இயலாத இந்தியா போன்ற நாடுகளுக்கோ, விளைபொருள் மதிப்பில் 10 விழுக்காடே எல்லை. பழைய செல்வம் உரிமையாயிற்று. பழைய வறுமை வரம்பாயிற்று!

2001 நவம்பரில் கத்தார் தலைநகர் தோஹாவில் கூடிய மாநாட்டில் இந்தியாவின் குரலாக நின்றவர் வணிக அமைச்சர் முரசொலி மாறன். முதலீடு முதலிய புதிய பொருள்களைப் புகுத்துவதை அவர் உறுதியாக எதிர்த்தார். மாநாடு ஒருநாள் நீண்டது. வெளிப்படையான ஒருமித்த இசைவின்றி அவற்றைப் பற்றிய பேச்சைத் தொடங்கலாகாது என்னும் விளக்கம் அவர் பிடிவாதத்தின் பயனே.

2003 இல் மாலி, சாட், புர்க்கினா பாசோ, பெனின் ஆகிய நான்கு ஆப்பிரிக்க நாடுகள், செல்வ நாடுகளின் பருத்தி மானியம் தம் உழவரை நசுக்குவதாக முறையிட்டன. பொதிகள் மலிவாக உலகச் சந்தையில் குவிந்தால், மாலியின் உழவனுக்கும் காரியாபட்டி உழவனுக்கும் இழப்பு ஒன்றே. எனினும் அவ்வாண்டு செப்டம்பரில் மெக்சிகோவின் கான்கூன் மாநாடு முறிந்தது. பிரேசில் வழக்குத் தொடுத்து, 2004, 2005 தீர்ப்புகளில் அமெரிக்காவை வென்றது. 2014 இல் 30 கோடி டாலர் பெற்றுக்கொண்டு வழக்கை முடித்தது. வழக்காடும் வலிமையற்ற ஆப்பிரிக்க உழவனுக்கு அதில் பங்கில்லை.

2008 ஜூலையில் ஜெனீவாவில், இறக்குமதி திடீரெனப் பெருகினால் வரியை உயர்த்தும் உரிமை குறித்துப் பேச்சு உடைந்தது. 2013 இல் பாலியில், நியாயவிலைக் கடைகளுக்காக அரசு தானியம் கொள்முதல் செய்வதற்கு எதிராக வழக்குத் தொடுப்பதில்லை என்னும் இடைக்கால ஏற்பாடு கிட்டியது. நம் இல்லங்களில் வேகும் நியாயவிலை அரிசிக்கு அதுவே வேலி. நிலையான தீர்வோ 2024 அபுதாபி மாநாட்டிலும் வரவில்லை.

பிறரைக் குறை கூறுவதோடு நாம் அமைதல் தகாது. நம் அரசின் கொள்முதல் பெரும்பாலும் நெல்லுக்கும் கோதுமைக்குமே; நீர்வளம் உள்ள நிலத்துக்கே அது பயன். கம்பும் சோளமும் விதைக்கும் கரிசல் உழவனுக்கு எட்டுவது சிறிதே. வெளியே நாம் கேட்கும் நீதியை உள்ளேயும் வழங்கினால்தான் நம் வாதம் வலுப்பெறும். விதி எழுதப்படும் மேசையில் வானம் பார்த்த பூமிக்கும் ஓர் இடம் வேண்டும்.