உளியும் தோலும்

நெல்லையப்பர் கோயில் தாமிர சபைக்குப் போகிறவர்கள் நடராஜரைக் கும்பிட்டுவிட்டுச் செப்புக் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் கூரைக்குக் கீழே உள்ள மரச்சிற்பங்களைப் பார்க்கிறவன்.

கிருஷ்ணாபுரத்துக் கல்லின் கதை வேறு. கல்லை உளி பொடித்துக் கொண்டே போகும். வழவழப்பெல்லாம் பிறகு தேய்த்து வருவது. மரத்தில் அந்தச் சலுகை கிடையாது. நாரை அறுத்தாக வேண்டும். உளி சற்று மழுங்கினாலும் நார் நசுங்கிப் பிய்ந்துவிடும். தேய்த்துச் சமாளிக்கப் பார்த்தால், செதுக்கிய மூக்கும் முழியும் கரைந்து போகும்.

சாணைக்கல் மட்டும் போதாது. கல்லில் தீட்டிய விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் ஒன்று சுருண்டு நிற்கும். அதை எடுக்கத்தான் தோல். மாவு போன்ற மெருகுப் பொடியை எண்ணெயில் குழைத்துத் தோலில் தடவி, உளியைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். முன்னே தள்ளினால் தோல் அறுபடும். பலமாக அழுத்தினாலோ தோல் அமுங்கி, உளியின் கூர் உருண்டுவிடும். சவரக்கத்தியை நாவிதர் வாரில் தீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி, இரும்பு வாள்களையும் ஈட்டிகளையும் வெளியே எடுத்தார். துருப்பிடித்தாலும் இரும்பு காத்திருக்கிறது. தோலை மண் தின்றுவிடும். ஆகவே கூர் தீட்டியவனின் சரித்திரத்தை மரத்தின் முகத்தில்தான் படிக்க வேண்டும். பழைய மரச்சிற்பத்தின் மேல் பெயிண்டை அப்புகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான். அப்பிய பிறகு, யாளியின் பல்லோரத்தில் உளி திரும்பிய இடத்தை எங்கே போய்த் தேடுவது?