ஆமென் என்னும் முடிபுச் சொல்

பாலக்காட்டு மாவட்டத்தின் கீழ்த்திசை எல்லையில், கொழிஞ்சாம்பாறையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர் செபத்தை முடிக்கும்போது ‘ஆமென்’ என்பர். அவர்தம் அயலில் வாழும் சிரியன் கத்தோலிக்கர் மலையாளத்தில் ‘ஆம்மேன்’ என்பர். தெற்கே இடுக்கியின் தேயிலை மலைகளிலும் இதுவே வழக்கு. பள்ளிவாசலில் தொழுவோரும் ‘ஆமீன்’ என்றே முடிப்பர். மொழி மாறினும் சமயம் மாறினும் முடிக்கும் சொல் ஒன்றாகவே நிற்றல் வியப்பிற்குரியது.

இதனை ‘ஆம் என்’ எனப் பிரித்து, ‘ஆம் என்று சொல்’ எனப் பொருள் காண்பார் நம்மிடையே உளர். யானும் இளமையில் அவ்வாறு எண்ணி மகிழ்ந்ததுண்டு. ஆயின், ஒலி ஒத்ததேயன்றி வேர் வேறு. எபிரேய மொழியில் ‘அமன்’ என்னும் வேர் உறுதியையும் நம்பத்தகும் தன்மையையும் குறிக்கும். மெய்யைக் குறிக்கும் ‘எமெத்’, பற்றுறுதியைக் குறிக்கும் ‘எமூனா’ ஆகியனவும் அவ்வேரிற் கிளைத்தனவே. உறுதியான இடத்தில் அடிக்கப்பட்ட முளையைப் பற்றி ஏசாயா பேசுமிடத்தும் அவ்வேரே வருகின்றது.

ஆகவே ‘அப்படியே ஆகட்டும்’ என்னும் வழக்கமான உரை ஒரு பாதியே. இணைச்சட்ட நூலின் 27ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். லேவியர் பன்னிரு சாபங்களை ஒவ்வொன்றாக உரைக்க, மக்கள் ஒவ்வொன்றிற்கும் ஆமென் என்கின்றனர். அயலானின் எல்லைக்கல்லைப் பெயர்ப்பவனுக்கு ஒரு சாபம். வேற்று நாட்டிலிருந்து வந்து தங்கியவனுக்கு நீதியைப் புரட்டுபவனுக்கு ஒரு சாபம். எல்லையோரத்தில் வாழ்வோர்க்கும் பிழைப்புத் தேடிப் பெயர்ந்தோர்க்கும் இவ்விரண்டும் தனியே செவியில் விழும். அங்கே ஆமென் என்றவன் வாழ்த்துக் கூறவில்லை. அச்சட்டத்திற்குத் தன்னையே பிணையாக்கினான். பிற்காலத்தில் அகுஸ்தீனார் இதனைக் கையொப்பம் இடுதலுக்கு ஒப்பிட்டார்.

படிக்காமற் கையொப்பமிடலாமா? இவ்வினாவைப் பவுலடியார் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்திலேயே, 14ஆம் அதிகாரத்தில், எழுப்பிவிட்டார். விளங்காத மொழியில் ஒருவன் நன்றி கூறினால், கேட்டிருக்கும் எளியவன் எவ்வாறு ஆமென் சொல்வான் என்பது அவர் வினா. இச்சொல்லின் வரலாறு முழுவதும் இவ்வினாவிற்கு விடை தேடியதே எனலாம்.

திருப்பலி நெடுங்காலம் இலத்தீனில் நடந்தது. குருவிற்கு விடை கூறும் பணி பெரும்பாலும் பீடச் சிறுவனதாயிற்று. ஆயினும் மக்களின் செபங்கள் முன்னரே தமிழாகிவிட்டன. 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் செபநூல் உரோமன் எழுத்தில் அமைந்தது. 1578 அக்டோபர் 20இல் என்றிக்கே என்றிக்கசு அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூலைத் தமிழெழுத்திலேயே அச்சிட்டார். அச்சிட்ட ஊர் கொல்லம்! தமிழின் அச்சு வரலாறு இன்றைய கேரள மண்ணில் வேரூன்றியதை எல்லைத் தமிழர் பெருமையுடன் நினைக்கலாம். நம் பாட்டிமார் ‘ஆமென் சேசு’ என்று முடித்ததும் அக்காலப் போர்த்துக்கேயர் வழக்கின் எச்சமே.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டிற் தாய்மொழிக்கு வழிதிறந்தது. ஆனால் எல்லையோரத்தில் தாய்மொழி எது என்பதே வினாவாயிற்று. 1956 நவம்பர் 1இல் சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. பள்ளியும் அலுவலகமும் பலர்க்கு மலையாளமாயின. வீடும் கோயிலும் தமிழைத் தாங்கின. மூணாற்றில் 1898இல் தோன்றிய கார்மேல் அன்னை ஆலயம் தோட்டத் தொழிலாளரின் தமிழைக் கேட்டே வளர்ந்தது. 2024இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பெற்றது. பாலக்காட்டிலோ, கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் நிறுவப்பெற்றது.

தமிழில் ‘ஆம்’ என்பதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘மழை பெய்ததாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டது. சொல்பவன் அதற்குப் பொறுப்பல்லன். பொருள் விளங்காது சொல்லும் ஆமென், எபிரேய உறுதியிலிருந்து நழுவி இந்த ‘ஆம்’ ஆகிவிடுகின்றது. மலையாளப் பள்ளியிற் பயிலும் பேரன், பாட்டி சொல்லும் பழந்தமிழ்ச் செபத்திற்கு அத்தகைய ஆமெனையே சொல்லக்கூடும். மலையாளம் அறியாத பாட்டி பக்கத்து ஆலயத்தில் அவ்வாறே சொல்லக்கூடும். இருவர் மீதும் குறையில்லை.

மாலைச் செபமாலையில் ‘வியாகுலம்’ என்னும் சொல் வரும்போது, ‘அப்படியென்றால் என்ன பாட்டி?’ என்று அவன் கேட்கின்றான் என்க. மணியை விரலிற் பிடித்தபடியே, ‘மனவேதனை’ என்று சொல்லிவிட்டுச் செபத்தைத் தொடரலாம். பவுலடியார் குறை சொல்லமாட்டார்.