ஏற்றுமதிச் சாவி திரும்பி வந்த வழி

1990களின் தொடக்கத்தில் குறியாக்க மென்பொருள் அமெரிக்காவின் ஆயுதப் பட்டியலில் இருந்தது. நாட்டைவிட்டு வெளியே போக வேண்டுமானால் அதன் வலுவைக் குறைத்தாக வேண்டும். அதனால் நெட்ஸ்கேப் உலாவி இரண்டு பதிப்புகளாக வந்தது. உள்நாட்டுக்கு வலுவானது, வெளிநாடுகளுக்கு 40 பிட் குறியாக்கமும் 512 பிட் ஆர்எஸ்ஏ சாவியும். உளவுத்துறை நினைத்தால் உடைக்கலாம் என்ற கணக்கில்தான் அந்தச் சாவியே பிறந்தது.

1999-ல் ஆம்ஸ்டர்டாமின் கணித ஆய்வு மையம் தலைமையிலான குழு ஒரு 512 பிட் எண்ணைக் காரணிப்படுத்தி, அந்த அளவுச் சாவியை உடைக்க முடியும் என்று காட்டியது. 2000 ஜனவரியில் கட்டுப்பாடும் தளர்ந்தது. சாவியின் ஆயுள் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பழைய உலாவிகளுக்கு உதவட்டும் என்று சர்வர்களில் விட்டுவைத்தார்கள். பிறகு மறந்தே போனார்கள்.

2015 மார்ச்சில் பாரிஸின் இன்ரியா ஆய்வாளர்களும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் அந்தச் சாவியால் வந்த பாதுகாப்புக் குறையைக் கண்டெடுத்து வெளியிட்டார்கள். அந்தக் குறைக்கு 'ஃப்ரீக்' என்று பெயர். உலாவி வலுவான சாவி கேட்கிறது. இடையில் புகுந்தவன் அதை மாற்றி, ஏற்றுமதிச் சாவி கேட்பதுபோல் சர்வருக்கு அனுப்புகிறான். சர்வரும் 512 பிட் சாவியைத் தன் கையொப்பத்தோடு நீட்டுகிறது. 'நான் கேட்டது இதில்லையே' என்று உலாவி மறுத்திருக்க வேண்டும். சஃபாரியும் ஆண்ட்ராய்டின் பழைய உலாவியும் மறுக்காமல் வாங்கிக்கொண்டன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் அப்படித்தான் என்று சில நாளில் தெரிந்தது. முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் மட்டும் மாறாமல் இருக்கும். பயனருக்கு எதுவும் தெரியாது.

அன்று அமேசானில் கணினிகளை வாடகைக்கு எடுத்து, ஏறக்குறைய 100 டாலர் செலவில், ஏழெட்டு மணி நேரத்தில் அந்தச் சாவியை உடைக்க முடிந்தது. இதைவிடக் கொடுமை, பல சர்வர்கள் தொடங்கும்போது ஒரு சாவியை உருவாக்கி, அணைக்கும்வரை அதையே எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தன. ஒருமுறை உடைத்தால் போதும், அதன்பின் சிக்குகிற இணைப்பையெல்லாம் படிக்கலாம், மாற்றலாம். எந்த உளவுத்துறையின் வசதிக்காகச் சாவியைப் பலவீனமாக்கினார்களோ, அந்த என்எஸ்ஏவின் இணையதளமே பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று.

ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் திருத்தம் வெளியிட்டன. இரண்டு மாதத்திலேயே, அதே ஏற்றுமதி விதியின் மிச்சத்திலிருந்து 'லாக்ஜாம்' என்ற இன்னொரு குறை கிளம்பியது. 2018-ல் வந்த இணையக் குறியாக்க நெறிமுறையான டிஎல்எஸ் 1.3, ஃப்ரீக் புகுந்த பழைய ஆர்எஸ்ஏ சாவிப் பரிமாற்ற முறையையே நீக்கிவிட்டது.

குற்றவாளிகளைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, குறியாக்கத்தில் தங்களுக்கு ஒரு வழி கேட்கிற அரசுகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் கோரிக்கையை நாம் எதிர்க்க வேண்டும். அரசுக்கு மட்டும் உடைந்து கொடுக்கிற சாவியை இதுவரை யாரும் செய்து காட்டவில்லை.