எல்லைக்கு வெளியே நின்ற ஆலைகள்: கோவைத் தொழிலாளர் குடியிருப்பும் இரண்டாம் உலகப் போரும்

இரண்டாம் உலகப் போரில் கோயம்புத்தூர்மீது ஒரு குண்டுகூட விழவில்லை. 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கியதும், சென்னையிலிருந்து பெருங்கூட்டம் உள்நாட்டு ஊர்களை நோக்கிப் பெயர்ந்தது. கோவை அன்று அடைக்கலம் தரக்கூடிய ஊர்களில் ஒன்று. லண்டனிலும் கோவென்ட்ரியிலும் வீடுகள் இடிந்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சுவரும் இடியாத கோவையில், போர் முடிந்தபோது ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் காற்றும் வெளிச்சமும் புகாத ஓரறைகளிலும் கீற்றுக் குடிசைகளிலும் நெருங்கிக் கிடந்தன. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை மக்கள்தொகைப் பெருக்கம். 1941 கணக்கெடுப்பில் 1,30,348 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1951 இல் 1,97,755 ஆயிற்று. பத்தாண்டில் பாதிக்கு மேல் பெருகிய ஊரில் வீடு போதாமற்போனது உண்மைதான். ஆயினும் நெருக்கடி எப்போது முற்றியது என்பதைத்தான் இந்த எண்கள் காட்டுகின்றன. அது ஏன் அந்த வடிவத்தில், அந்த இடங்களில், அந்த மக்கள்மீது விழுந்தது என்பதற்கு அவற்றில் விடை இல்லை. போருக்கு முந்தைய பத்தாண்டில் ஆலை நின்ற இடமும் நகராட்சிச் சட்டம் நின்ற இடமும் வேறுவேறாகிப்போனதில்தான் அந்த விடை இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். போர் அந்த இடைவெளியை உண்டாக்கவில்லை. அதற்குள் மக்களைத் தள்ளி வழியை அடைத்தது.

மோசமான வீடுகளைப் பற்றிய கவலை கோவைக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் திரும்பத் திரும்பத் தாக்கியதில், 1901 இல் 53,080 ஆக இருந்த மக்கள்தொகை 1911 இல் 47,007 ஆகக் குறைந்தது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அந்த ஆண்டுகளின் சாட்சிகள். நெரிசலான பழைய பேட்டைகளே நோய்க்கு இடம்கொடுத்தன என்று கண்ட நகராட்சி, மேற்கே அகன்ற தெருக்களும் அளந்து பிரித்த மனைகளுமாக ஊரை விரித்தது. இரத்தினசபாபதி முதலியார் பெயரால் வழங்கும் ஆர்.எஸ்.புரம் அதன் விளைவு. 1930களின் தொடக்கத்திற்குள் சிறுவாணித் தண்ணீரும் வந்துசேர்ந்தது. இரண்டும் பெரிய சாதனைகளே. ஆனால் இரண்டிலும் ஒரு முன்மாதிரி பதிந்துவிட்டது: மனை வாங்க வசதியுள்ளவருக்குத் தெரு போட்டுக் கொடுப்பது, நகராட்சி எல்லைக்குள் குழாய் பதிப்பது. கூலிக்கு வந்தவர் எங்கே தங்குவார் என்ற கேள்வி அந்தத் திட்டத்தில் எழவே இல்லை.

அந்தக் கேள்வி பைகாரா மின்சாரத்தோடு பெரிதாயிற்று. 1888 இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்லும், அதன்பின் வந்த காளீஸ்வரா, சோமசுந்தரா மில்களும் நகரத்தை ஒட்டியே எழுந்தவை. 1932-33 இல் நீலகிரியிலிருந்து மலிவான மின்சாரம் இறங்கியபின் நிலைமை மாறியது. நிலக்கரியையும் நீராவியையும் நம்பியிருக்கத் தேவையில்லை என்றானதும் பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், ஒண்டிப்புதூர் என்று கிழக்கே அவினாசி சாலையையும் திருச்சி சாலையையும் பிடித்துக்கொண்டு ஆலைகள் கிளம்பின. அந்த ஊர்களிலேயே நிலம் வைத்திருந்த குடும்பங்கள் தம் பருத்தி வருவாயையும் உறவினர் பணத்தையும் திரட்டி ஆலை தொடங்கின. ஊர் நிலம் கையில் இருந்தது. பண்ணையில் வேலை செய்த கைகளும் அருகில் இருந்தன. பம்பாயில் கொங்கணிக் கிராமங்களிலிருந்து தொழிலாளி ஆலையைத் தேடி வந்தார். கோவையில் ஆலையே தொழிலாளியின் ஊருக்கு வந்தது. ஆகவே வீடு கட்டித்தர வேண்டிய கட்டாயம் தமக்கு இல்லை என்று ஆலை நடத்தியவர்கள் கருதினர். பிரிட்டிஷ் மன்னர் அமைத்த விட்லி ஆணையமும் 1931 அறிக்கையில் இந்தியத் தொழில் நகரங்களின் குடியிருப்பு அவலத்தை விரிவாகப் பேசியதே தவிர, அந்தப் பொறுப்பைச் சட்டத்தின் மூலம் முதலாளிமீது சுமத்த முன்வரவில்லை.

இந்த ஏற்பாட்டில் பிறந்ததுதான் லைன் வீடு. நீண்ட ஒரே கூரை, அதன் கீழ் வரிசையாக ஓரறைகள், முன்னால் ஓராள் படுக்கக்கூடிய திண்ணை, எல்லாருக்கும் பொதுவான கிணறு, கடைசியில் எடுப்புக் கக்கூஸ். கொஞ்சம் வசதியானதற்குச் சீமை ஓடு. மற்றவற்றுக்குத் தென்னங்கீற்றோ சோளத்தட்டோ. ஆலை வாசலுக்கு எதிரில் சிறிது நிலம் வைத்திருந்தவர், மளிகைக் கடைக்காரர், ஆளெடுக்கும் மேஸ்திரி ஆகியோருக்கு இது பயிரைவிட உறுதியான வருமானம். நகராட்சிக்குள் கட்டடம் எழுப்பினால் வரைபடம், சாக்கடை, கக்கூஸ் என்று ஏதோ ஓர் அளவில் கேள்வி வரும். ஊராட்சி எல்லைக்குள் அந்தக் கேள்வியைக் கேட்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. சாதியும் இந்த வரைபடத்தைக் கீறியது. அருந்ததியர் முதலான தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு ஊர்த்தெருவில் வாடகைக்கு அறை கிடைக்காது. அவர்கள் தங்கள் பழைய வளவுகளிலேயே குடிசைகளை நெருக்கிக்கொண்டார்கள். இல்லையென்றால் வாய்க்கால் கரையிலும் புறம்போக்கிலும் மனைக்கு வாடகை கொடுத்துத் தாங்களே குடிசை போட்டுக்கொண்டார்கள். ஒரே ஆலையில் ஒரே ஷிப்டில் வேலை செய்த இருவரில் ஒருவருக்கு லைன் வீடும் மற்றவருக்குக் குடிசையும் வாய்த்ததைக் கூலிக் கணக்கு மட்டும் வைத்து விளக்க முடியாது.

போர் இந்த இடத்தில்தான் நுழைகிறது. இராணுவத்திற்குத் துணி வேண்டும். வெளிநாட்டுத் துணி வரத்து நின்றது. ஆலைகள் இரவும் பகலும் ஓடின. பீளமேட்டில் 1942 முதல் பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுதுபார்ப்பு நிலையமும் இயங்கி, போர் முடியும்வரை உள்ளூர் ஆட்களை வேலைக்கு இழுத்தது. ஆள் கூடியதைக் காட்டிலும் ஷிப்ட் மாறியது முக்கியம் என்று நான் கருதுகிறேன். பகல் வேலைக்கு நான்கு மைல் நடந்து வந்து நான்கு மைல் நடந்து திரும்பியவர், நள்ளிரவில் முடியும் ஷிப்டிலிருந்து அப்படித் திரும்ப முடியாது. ரீலிங், வைண்டிங் பகுதிகளில் வேலை செய்த பெண்களுக்கோ கைக்குழந்தையை விட்டுவரும் தொலைவுதான் வேலைக்கு எல்லை. கிராமத்தில் வீடு இருக்கிறது என்ற வாதம் ஆலை பகலில் மட்டும் ஓடும் வரைக்கும்தான் செல்லும். ஷிப்ட் முறை தொழிலாளியை ஆலைவாசலருகே குடியேற வைத்தபோது, அங்கே புது அறை கட்டவும் வழியில்லாமற்போனது. 1934 முதல் இயங்கிவந்த மதுக்கரை சிமென்ட் ஆலை கோவைக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் சிமென்டும் இரும்பும் போர்த் தேவைக்கென்று அரசுக் கட்டுப்பாட்டுக்குள் போயின. 1942 இல் பர்மா விழுந்ததோடு தேக்கும் நின்றது, அரிசியும் நின்றது. விலைவாசி ஏறிய வேகத்தில், அரிசிக்கும் துணிக்கும் போக மிஞ்சிய காசில்தான் வாடகை கொடுக்க வேண்டும். இருந்த அறைக்குள் உறவினரைச் சேர்த்துக்கொள்வதும், வாடகையைப் பங்கிட இன்னொரு குடும்பத்தை வைத்துக்கொள்வதும் இதன் இயல்பான விளைவு.

அரசு கைகட்டி நிற்கவில்லை. கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள் 1915 இல் நடத்திய வாடகைப் போராட்டத்தால் பிரிட்டனில் போர்க்கால வாடகைக் கட்டுப்பாடு வந்ததுபோல, சென்னை மாகாணத்திலும் 1941 இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. போர் முடிந்தபின் 1946 இலும் 1949 இலும் அது தனிச் சட்டமாயிற்று. ஆனால் அந்தச் சட்டங்கள் தாமாகப் பொருந்தியது சென்னை நகரத்துக்கும் நகராட்சிகளுக்கும். மற்ற இடங்களுக்கு அரசு தனியே அறிவித்தால்தான் உண்டு. இன்னொரு சட்டத்தையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பிறர் மனையில் தன் செலவில் குடிசை கட்டியவரை நினைத்தபடி வெளியேற்றாமல் காக்கும் சட்டம் சென்னை நகரத்துக்கு 1921 லேயே கிடைத்தது. கோயம்புத்தூர் நகராட்சிக்கு அது 1955 இல் செய்த திருத்தத்தால்தான் வந்தது. மதுரை, சேலம், திருச்சிக்கும் அப்போதுதான். நடுவில் கழிந்த 34 ஆண்டுகள் கோவை ஆலைகள் பெருகிய அதே ஆண்டுகள். நாளைக்கே கிளம்பச் சொல்லலாம் என்ற நிலையில் இருக்கும் குடும்பம் மண்சுவருக்குப் பதில் செங்கல் வைக்காது. ஏழ்மையால் மட்டும் கூரை கீற்றாகவே இருந்துவிடவில்லை; நாளை இந்த இடம் நம்முடையதா என்ற நிச்சயமின்மையும் அதைக் கீற்றாகவே வைத்திருந்தது.

இங்கே பொருளாதார நோக்கில் ஒரு வலுவான மறுப்பு எழும்: வாடகையை உறையவைத்ததால்தான் வீட்டுக்காரர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள், எனவே சிதைவுக்குச் சட்டமே காரணம் என்பது அது. பல நகரங்களின் பழைய மாடி வீடுகளுக்கு இதில் உண்மை உண்டு. கோவை லைன் வீடுகளுக்கு இது பொருந்தாது. சட்டம் தானாகச் சென்று சேராத ஊராட்சி எல்லைகளிலும் அதே வகை வீடுகள் அதே நிலையில்தான் இருந்தன. எல்லைக்குள்ளும்கூட, நியாய வாடகை கேட்டு மனுப்போட ஒருவர் ஒரு நாள் கூலியை இழந்து அதிகாரி முன் நிற்க வேண்டும். ரசீது இல்லாமல் வாய்மொழியாகக் குடியிருந்தவருக்கு அது எளிதன்று. அமலாகாத ஒரு சட்டம் கூரையை ஒழுக வைத்தது என்று சொல்வது பொருந்தாது. தொழிற்சங்கங்கள் கூலியையே கேட்டன, வீட்டைக் கேட்கவில்லை என்றொரு குறையும் கூறப்படுவதுண்டு. 1946 ஜனவரி 8 அன்று ரங்கவிலாஸ் மில் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் வழக்கை நினைத்தால், அன்றைய சங்கங்கள் எந்த அளவு அடக்குமுறைக்கு நடுவே இயங்கின என்பது விளங்கும். மேலும் 1947 இல் வெங்கட்ராமையா தீர்ப்பாயம் செய்ததுபோல, கூலியையும் பஞ்சப்படியையும் ஒரு தீர்ப்பாயம் நிர்ணயிக்க முடியும். எதிர்த்தரப்பு ஆலைதான் என்பது தெளிவு. வீட்டுக்கு எதிர்த்தரப்பு யார்? கடைக்காரரா, மேஸ்திரியா, ஊராட்சியா, மாகாண அரசா? கேட்க ஒரு முகவரி இல்லாத உரிமையைக் கேட்கவில்லை என்று தொழிலாளரைக் குறைசொல்வது நியாயமாகாது.

அப்படியானால் முதலாளியையே வீடு கட்டவைத்திருக்கலாமே என்று தோன்றும். அதே கோவை மாவட்டத்தில் ஆனைமலையின் தேயிலைத் தோட்டங்கள் அதற்கு ஒரு சோதனைக்களம். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட் நிர்வாகம் வீடு தரவேண்டும் என்றது. வால்பாறையில் தொழிலாளிக்குக் கூரை உறுதியானது. ஆனால் வேலை போனால் வீடும் போகும், ஓய்வுபெற்றால் பிறந்து வளர்ந்த இடத்தைவிட்டு இறங்க வேண்டும். ஆகவே முதலாளி கட்டுவதே விடை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சமவெளியில் வேறு வழி 1952 இல் திறந்தது: மத்திய அரசின் மானியத் தொழிலாளர் வீட்டுத் திட்டம், அரசும் முதலாளியும் கூட்டுறவுச் சங்கமும் மானியமும் கடனும் பெற்று வீடு கட்ட வழிசெய்தது. சிங்காநல்லூரில் எஸ்.ஐ.எச்.எஸ். காலனி என்று பேருந்துப் பலகையிலும் முகவரியிலும் வழங்கும் இடம் அத்திட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கி நிற்கிறது. அது வந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்: முப்பதுகளில் ஆலைகள் எழுந்த, நகராட்சிக்கு அப்பாலான அதே கிழக்குப் பகுதி. சட்டம் எட்டாத இடத்துக்கு அரசின் செங்கல் முதன்முதலாகப் போய்ச்சேர்ந்தது. பயன் பெற்றவர் ஆலைச் சட்டப்படி தொழிலாளி என்று பதிவானவர். ஆலையை நம்பிப் பிழைத்த மூட்டை தூக்குவோர், கட்டட வேலையாட்கள், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோர் லைன் வீட்டிலும் குடிசையிலும் தொடர்ந்தார்கள்.

சிங்காநல்லூர் 1981 இல் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. நகர எல்லை ஆலைகளை எட்டிப் பிடிக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. அதற்குள் ஆலைகளின் நிலை சரியத் தொடங்கிவிட்டது. 1974 இல் நலிந்த ஆலைகள் பல தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கைக்குப் போயின. தனியார் நூற்பு, ஆள்கூலியும் நிலமும் மலிவான ஊர்ப்புறங்களை நோக்கி மறுபடியும் வெளியே நகர்ந்தது. புதிய ஆலைகளில் ஒரு பகுதி இளம்பெண்களைச் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் வளாகத்துக்குள்ளேயே விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கின. வெளியே போக அனுமதி வேண்டும் என்ற அந்த ஏற்பாடு பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. விடுதிகளைப் பதிவுசெய்து மேற்பார்வையிடும் தமிழ்நாட்டுச் சட்டம் 2014 இல் வந்தது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இன்று கோவை, திருப்பூர்ச் சுற்றுவட்டார ஊராட்சிகளில் ஓர் அறையைப் பலராகப் பகிர்ந்து தங்குகிறார்கள். அந்த அறைகளும் பெரும்பாலும் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளே. ரசீது இல்லாத வாடகை, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை ஆகியவையும் மாறவில்லை.