வாசலில் உடைந்த கப்பல்



ஹட்டன், நுவரெலியா மலைகளில் ஊறும் நீர் மகாவலியாகி, திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. மலையகத்துக்கும் அக்கடலுக்கும் உள்ள உறவு தண்ணீரோடு முடிவதில்லை. அத்துறைமுக வாயிலில் அழிந்த ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலின் கதையை இன்று சொல்ல விழைகிறேன்.

அதன் பெயர் 'ஒரியான்'. 'கிழக்கு' என்பது பொருள். 1798இல் நைல் போரில் வெடித்துச் சிதறிய 'ஒரியான்' வேறு. இது அதற்கு மூத்தது. 1756இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இதனைக் கட்டியது. பின்னர் அரச கடற்படை விலைக்கு வாங்கியது. 1759இல் கிபெரோன் குடாவில் ஆங்கிலேயர் பிரெஞ்சுக் கடற்படையைச் சிதறடித்த போதும் இது தப்பியது.

1782இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பறித்த ஆங்கிலேயர், கண்டி மன்னன் இராஜாதி இராஜசிங்கனிடம் ஹியூ பொய்ட் என்பவரைத் தூதனுப்பினர். நாயக்கர் வம்சத்து மன்னன் உடன்படவில்லை. திரும்பும் வழியில் தூதுவர் பிரெஞ்சியரிடம் சிறைப்பட்டார்.

வடகீழ்ப் பருவக்காற்று எழுந்தால் சோழமண்டலக் கரையிலே பெருங்கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. திருகோணமலையோ இயற்கை தந்த ஆழ்துறை. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதன் அருமையை அறிந்தவர். அவரது அணியில் 74 பீரங்கிகளுடன் 'ஒரியான்' அவ்வாண்டு பெப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்திலும், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரையிலும், ஜூலையில் நாகப்பட்டினத்திலும் போரிட்டது. ஓகஸ்ட் இறுதியில் திருகோணமலை பிரெஞ்சியர் வசமாயிற்று. அதை மீட்க வந்த ஆங்கிலத் தளபதி ஹியூஸை செப்டெம்பர் 3ஆம் நாள் கடலில் எதிர்கொண்டனர்.

வெற்றி தோல்வியின்றி முடிந்த அப்போரிலும் 'ஒரியான்' பிழைத்தது. ஆனால், 7ஆம் நாளிரவு, தம் கொடி பறந்த துறைமுகத்துக்குத் திரும்புகையில் தரைதட்டி உடைந்தது! நான்கு போர்களில் பகைவரின் பீரங்கிகளால் ஆகாததைச் சொந்த வாசற்படி செய்து முடித்தது. மீட்கப்பட்ட அதன் பாய்மரங்கள், போரில் மரமிழந்த கப்பல்களுக்கு உதவின. அடுத்த மாதமே 'பிசார்' என்ற மற்றொரு கப்பலும் கடலூர்க் கரையில் அழிந்தது.

சமாதானம் ஏற்பட்டபின் துறைமுகம் ஒல்லாந்தரிடம் மீண்டது. 1795இல் ஆங்கிலேயர் அதை மறுபடியும் கைப்பற்றினர். 1815இல் கண்டியும் வீழ்ந்தது. பிறகே கோப்பியும் தேயிலையும் வந்தன. கடல் கடந்து நம் முன்னோரும் வந்தனர்.

கண்டியின் வீழ்ச்சியிலிருந்தே மலையக வரலாற்றை எழுதத் தொடங்குகிறோம். அதன் முதற்பக்கத்தைக் கொட்டியாரக் குடாவருகே தேடவேண்டும் என்பேன். அங்கே மோதிய வல்லரசுகளுக்கு இம்மலைகளைப் பற்றிய நினைவே இருந்திராது. எனினும் இங்கே கொழுந்து பறித்த கைகளின் கதை, அந்தத் துறைமுகப் போட்டியோடும் பிணைந்திருக்கிறது.