கோலி சோடா பாட்டில்: தேடலும் மதிப்பீடும்

கோலி சோடா பாட்டில் என்பது கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டை அடைத்து வைத்திருக்கும் சோடா பாட்டில் ஆகும். இதை உருவாக்கிய ஹிராம் காட் என்பவரின் பெயரால் இங்கிலாந்தில் இது 'காட் பாட்டில்' எனப்படுகிறது. 1872-இல் அங்கு காப்புரிமை பெற்ற இந்த வடிவம், அந்நாட்டில் வழக்கொழிந்து பழம்பொருள் சேகரிப்பாளர்களின் அலமாரிக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டிலோ அது பெட்டிக்கடைகளில் மேலும் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. பழைய பாட்டில்களைத் தேடி மதிப்பிடுவதைப் பொழுதுபோக்காகக் கொள்ள விரும்புவோருக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது அரிது. பழையது என்றாலே விலை அதிகம் என்ற பொதுவான எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இந்த ஒரு பாட்டிலே காட்டிவிடும்.

தோற்றம்

சோடாவை அடைத்து விற்பதில் தொடக்க காலத்தில் பெரிய தொல்லையாக இருந்தது தக்கை. பாட்டிலை நிமிர்த்தி வைத்தால் தக்கை உலர்ந்து சுருங்கும், வாயு கசிந்துவிடும். இதற்காகவே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முட்டை வடிவ அடிப்பாகம் கொண்ட பாட்டில்கள் புழக்கத்துக்கு வந்தன. அவற்றை நிமிர்த்தி வைக்கவே முடியாது. படுத்தே கிடப்பதால் தக்கை எப்போதும் நனைந்திருக்கும். வில்லியம் ஹாமில்டன் என்பவரின் பெயரால் இவை ஹாமில்டன் பாட்டில்கள் எனப்படுகின்றன.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் 1838-இல் பிறந்த ஹிராம் காட், தக்கையையே தேவையில்லாததாக ஆக்கினார். பாட்டிலின் வாயின் உட்புறத்தில் ஒரு பள்ளம், அதில் ஒரு ரப்பர் வளையம், கழுத்தில் ஒரு கண்ணாடிக் குண்டு. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துச் சோடாவை நிரப்பும்போது குண்டு வாயருகே விழும். உள்ளிருக்கும் கரியமில வாயுவின் அழுத்தம் அதை ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து மூடி எதுவும் போடத் தேவையில்லை, வாயுவே மூடி. கழுத்தின் கீழே இடுக்கி விடப்பட்டிருப்பதால், குண்டை உள்ளே தள்ளித் திறந்தாலும் அது அடியில் போய் விழாது. ஊற்றும்போது குண்டு உருண்டு வந்து வாயை அடைக்காமல் தடுக்கத் தோளில் இரண்டு சிறு குழிவுகளும் உண்டு. பள்ளி இயற்பியலில் வாயு அழுத்தத்தை விளக்க இதைவிட எளிய கருவி தேவையில்லை.

பார்ன்ஸ்லி நகரின் ரைலண்ட்ஸ் குடும்பத்தினர் காட்டுடன் கூட்டுச் சேர்ந்து இந்த பாட்டில்களைப் பெருமளவில் செய்தனர். காட் 1887-இல் இறந்தார். 1892-இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற தகர மூடி மெல்ல மெல்ல இந்த பாட்டிலின் இடத்தைப் பிடித்தது. உதவாப் பேச்சைக் குறிக்கும் 'காட்ஸ்வாலப்' என்ற ஆங்கிலச் சொல் இந்த பாட்டிலிலிருந்து வந்தது என்று சேகரிப்பாளர்கள் விரும்பிச் சொல்வதுண்டு. ஆனால் அச்சொல் அச்சில் காணப்படுவது 1950-களில்தான். கதை சுவையானது, சான்றுதான் இல்லை.

உடைந்தவையும் மிஞ்சியவையும்

கோடிக்கணக்கில் செய்யப்படும் எந்தப் பொருளும் அரிய பொருள் ஆகாது. ஆனால் இந்த பாட்டிலுக்குள் சிறுவர்களுக்குப் பிடித்த ஒன்று இருந்தது. காலி பாட்டில் கையில் கிடைத்ததும் கோலிக்குண்டுக்காக அதை உடைப்பது இங்கிலாந்துச் சிறுவர்களின் வழக்கம். நம்மூர்ச் சிறுவர்களும் இதில் பின்தங்கவில்லை. போதாததற்கு, கலவரச் செய்திகளில் 'சோடா பாட்டில் வீச்சு' என்ற தொடர் ஒரு காலத்தில் தவறாமல் இடம்பெற்றது.

பாட்டில் சோடா கம்பெனியின் சொத்து. குடித்தவர் அதைத் திருப்பித் தர வேண்டும். ஒரு கம்பெனியின் பாட்டிலில் இன்னொரு கம்பெனி சோடா நிரப்பி விற்பதும் நடந்தது. அதைத் தடுக்கவே பாட்டிலின் மேல் ஊர்ப் பெயர், கம்பெனிப் பெயர், சின்னம் ஆகியவற்றைப் புடைப்பு எழுத்தில் வார்த்தார்கள். சில கம்பெனிகள் வாய்ப்பகுதிக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்தன. அன்று திருட்டைத் தடுக்கச் செய்த இந்த ஏற்பாடுதான் இன்று சேகரிப்பாளர் முதலில் பார்க்கும் அடையாளம்.

தேடும் இடங்கள்

பிரிட்டனில் இந்தப் பொழுதுபோக்கு 1960-களின் இறுதியிலிருந்து பரவியது. விக்டோரியா காலத்தில் வீடுகளில் நிலக்கரி எரித்தார்கள். நகரக் குப்பையில் பெரும்பங்கு சாம்பல். ஊருக்கு வெளியே கொட்டப்பட்ட அந்தச் சாம்பல் மேடுகளுக்குள் பாட்டில்கள் உடையாமல் புதைந்து கிடந்தன. அமெரிக்காவில் பழைய வீடுகளின் கழிப்பறைக் குழிகளைத் தோண்டுகிறார்கள். நிலவுடைமையாளரின் அனுமதி இல்லாமல் தோண்டினால் அது திருட்டு. ஆழமான குழியின் பக்கச்சுவர் சரிந்தால் உயிருக்கே ஆபத்து.

தோண்டுவோர் மீது தொல்லியல் அறிஞர்களுக்கு ஒரு நியாயமான குறை உண்டு. ஓர் அடுக்கில் கிடக்கும் பாட்டில், தன்னோடு கிடக்கும் பீங்கான், எலும்பு, காலணி எல்லாவற்றுக்கும் காலம் சொல்லும் சாட்சி. நல்ல பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வாரிக் கொட்டிவிட்டால் அந்தச் சாட்சியம் திரும்பக் கிடைக்காது. இந்தியாவில் சட்டமும் கவனிக்கத்தக்கது. மண்ணில் மறைந்து கிடந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வரக்கூடும். அப்படி வருபவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது.

தமிழ்நாட்டில் தோண்ட வேண்டிய தேவையும் அதிகம் இல்லை. மூடப்பட்ட சோடா கம்பெனியின் பின்கட்டு, பழைய வீட்டுப் பரண், காயலான் கடை ஆகியவையே இங்கு தேட வேண்டிய இடங்கள். அவற்றில் காயலான் கடைக்கு முதலில் போவது நல்லது. அங்கே பாட்டில் எடைக்கு வாங்கப்பட்டு, உடைக்கப்பட்டு, உருக்குவதற்குப் போய்விடும்.

காலத்தைக் கணித்தல்

பொதுவாகப் பழைய பாட்டிலில் முதலில் பார்க்க வேண்டியது அச்சுக் கோடு. இரு பாதி அச்சுகள் சேரும் இடத்தில் பக்கவாட்டில் எழும் மெல்லிய வரை அது. அது வாய்க்குக் கீழேயே நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள் என்று பொருள். வாயின் விளிம்பு வரை ஏறினால் இயந்திரத்தில் செய்தது. அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் தானியங்கி பாட்டில் இயந்திரத்தை 1903-இல் உருவாக்கினார். அதன்பிறகு இயந்திர பாட்டில்கள் பெருகின. அடியில் கரடுமுரடான வட்டத் தழும்பு இருந்தால், வாயை முடிக்கும்போது இரும்புக் கோலில் பிடித்திருந்த தடம் அது. பெரும்பாலும் 1860-களுக்கு முந்தியது.

கோலி சோடா பாட்டிலுக்கு அச்சுக் கோட்டு விதி அப்படியே பொருந்தாது. குண்டை உள்ளே போட்ட பிறகுதான் சூடான கண்ணாடியைக் குறுக்கி வாயை முடிக்க முடியும். ஆகவே இயந்திரங்கள் வந்த பின்னும் இதன் வாய் தனி வேலையாகவே இருந்தது. வாயைப் பார்த்து வயது சொல்பவர், கடை மூடி இருபது ஆண்டு ஆன பாட்டிலை நூற்றாண்டுப் பழமை என்று நம்பி ஏமாறலாம். இங்கே எழுத்துகள்தான் வழிகாட்டி. பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் இந்தியாவுக்கும் பாட்டில்களை அனுப்பின. அதனால் ஒரே பாட்டிலில் முன்புறம் சோடா கம்பெனியின் பெயரும், அடிப்பக்கம் கண்ணாடித் தொழிற்சாலையின் பெயரும் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்வது புதியவர்களிடம் மிகச் சாதாரணம்.

மதிப்பு எதில் இருக்கிறது

பிரிட்டனில் வெளிர்நீல வண்ணச் சாதாரணக் கோலி பாட்டில் சில பவுண்டுகளுக்கே கிடைக்கிறது. அதே வயது, அதே வடிவம், ஆனால் அடர்நீலக் கண்ணாடி என்றால் நூற்றுக்கணக்கில், சிலவேளை ஆயிரக்கணக்கில் விலை போகும். நிறம், எழுத்தின் தெளிவு, ஊரின் அருமை, வாயில் சில்லு பெயராமை ஆகியவை சேர்ந்தே விலையை முடிவு செய்கின்றன. வயது அவற்றுக்குப் பின்னால்தான் வரும். மண்ணில் கிடந்த பாட்டிலில் வானவில் போன்ற பூச்சு படர்ந்திருந்தால், ஈரம் கண்ணாடியிலுள்ள காரத்தைக் கரைத்துவிட்டது என்று பொருள். மணலோ இரும்பு நாரோ போட்டுத் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

விலையைத் தவிர இன்னொரு மதிப்பும் உண்டு. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இருந்த சோடா கம்பெனிகளில் பல ஆண்டறிக்கையோ விளம்பரமோ விட்டுச் செல்லவில்லை. உரிமையாளரின் பெயரும் ஊரும் வார்க்கப்பட்ட ஒரு பாட்டில்தான் அக்கம்பெனி இருந்ததற்கான ஒரே எழுத்துச் சான்றாக இருக்கக்கூடும். சந்தையில் அதற்கு நூறு ரூபாய்கூடக் கிடைக்காமல் போகலாம். உள்ளூர் வரலாறு எழுதுபவருக்கு அது கல்வெட்டுக்குச் சமம். எனவே பாட்டிலை வாங்கும்போதே யாரிடம், எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் கிடைத்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வைக்க வேண்டும். கம்பெனியில் வேலை பார்த்தவர் யாரேனும் உயிரோடு இருந்தால் அவரிடம் கேட்டும் எழுதிக்கொள்ளலாம். இந்தச் சீட்டு இல்லாத பாட்டில் அந்த மதிப்பில் பாதியை இழந்துவிடுகிறது.

புதிய பாட்டில்கள்

ஜப்பானில் 'ராமுனே' என்ற பானம் இன்றும் கோலி வைத்த பாட்டிலில்தான் வருகிறது. இந்தியாவிலும் அண்மைக்காலத்தில் கோலி சோடா மீண்டும் கடைகளுக்கு வந்துள்ளது. அதற்காகப் புதிய பாட்டில்கள் வார்க்கப்படுகின்றன. அலங்காரத்துக்காக அடர்நீலத்தில் செய்யப்படுபவையும் உண்டு. அவை பழையவை என்ற பெயரில் இணையத்தில் விற்பனைக்கு வருவதால் கவனம் தேவை. பல ஆண்டுகள் மரப்பெட்டியிலும் கடைப் பலகையிலும் உரசிய பாட்டிலின் அடிவட்டத்தில் கீறல்கள் ஒழுங்கின்றிப் பல திசைகளில் ஓடும். உடம்பில் பருத்த பகுதி மங்கியிருக்கும். அடி பளபளப்பாக இருந்தாலோ, கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடினாலோ, அது உப்புத்தாளின் வேலையாக இருக்கலாம்.